ஒரு நட்டும் ஒரு பின்னும்

இயந்திரவியல் படிக்கிறேன் என்பதால் வீட்டில் காடி பழுதானால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அப்பாவின் பழைய புரோட்டோன் வீராவுக்கு டை ரோட் எண்ட் மாற்றினேன். ஸ்டியரிங்கின் அசைவை முன்சக்கரத்திற்குக் கொண்டு செல்லும் தண்டின் கடைசி மூட்டு அது.

அம்மூட்டின் காம்பு கூம்பு வடிவானது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் அதே சரிவில் ஒரு துளை இருக்கும். நட்டை முறுக்க முறுக்க, காம்பு துளைக்குள் ஆப்பு போல இறுகும். மூட்டை அசையாமல் பிடித்திருப்பது இந்த இறுக்கம்தான். ஆகவே இரு பரப்புகளையும் நன்றாகத் துடைக்க வேண்டும், கிரீஸ் தடவக்கூடாது.

எவ்வளவு முறுக்குவது? வண்டிக்கு வண்டி மாறும். பட்டறைக் கையேட்டைப் பார்க்க வேண்டும். கால் மீட்டர் ஸ்பேனரைக் கிடையாகப் பிடித்து, அதன் நுனியில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர். (இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'தோர்க்' என்று படித்தவன் நான். 'முறுக்குவிசை' என்ற சொல் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் தெரிந்தது!)

நட்டின் தலையில் கிரீடம் போல ஆறு வெட்டுகள் உண்டு. ஒரு வெட்டும் காம்பிலுள்ள துளையும் நேராக நிற்கும்போது கோட்டர் பின்னைச் செருகி, நுனிகளை மடக்க வேண்டும். எனக்கு நேராக வரவில்லை. நட்டைச் சற்றே பின்னால் திருப்பினேன். பின் சுலபமாக நுழைந்தது. மகிழ்ச்சியாக எழுந்துவிட்டேன்.

அதுதான் தவறு. பின்னால் திருப்பினால் ஆப்பு தளரும். கையேட்டு அளவை எட்டிய பிறகு, அடுத்த வெட்டு நேராகும்வரை முன்னால்தான் திருப்ப வேண்டும். 60 பாகைக்கு மேல் தேவைப்படாது. பழைய பின்னை மறுபடி பயன்படுத்தக்கூடாது. காம்பும் சேர்ந்து சுழன்றால், அடியில் ஜேக் வைத்து அழுத்திக்கொள்ளலாம். தண்டிலுள்ள லாக் நட்டை இறுக்கும்போது இன்னொரு ஸ்பேனரால் மூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, "மேடு பள்ளத்துல டொக் டொக்குன்னு சத்தம் வருதுய்யா," என்றார் அப்பா. பட்டறையில் கழற்றிப் பார்த்தால், நக்கிளின் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. "தம்பி, பின்னு இருந்ததாலதான் நட்டு கழண்டு விழல," என்றார் மெக்கானிக் அண்ணன். அந்த இரண்டு வாரமும் அப்பா இரவு வேலைக்கு அந்தக் காடியில்தான் போய் வந்தார்.

அப்பா திட்டவில்லை. வேறு நக்கிள் வாங்கினோம். இரண்டாம் முறையும் என்னையே மாட்டச் சொன்னார். டார்ச் லைட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே குந்தியிருந்தார்.