மங்கும் விளக்கும் மங்கா விளக்கும்

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள குச்சவெளிக் கரையில், இரவில் தோணி தள்ளுவோர் கையில் 'ரோச்' விளக்கு இல்லாதிருப்பது அரிது. அது எரியும் விதத்தை நாம் சிறிது ஆராய்வோம்.

பழைய விளக்கில் இரண்டு பற்றரிகள் உண்டு. புதியதாயின் ஒவ்வொன்றும் 1.5 வோல்ற்று அழுத்தம் தரும். அதனால் தங்குதன் இழை சூடேறி ஒளிர்கின்றது. பாவிக்கப் பாவிக்க அழுத்தம் குறையும். அழுத்தத்தில் நூற்றுக்கு 10 பங்கு குறைந்தால், ஒளியில் ஏறத்தாழ 30 பங்கு குறைந்துவிடும். ஒளியும் மஞ்சளித்துப் பின் செம்மையாகும்.

இழைக் குமிழ் ஒரு வாற்று மின்னுக்கு ஏறத்தாழ 10 லூமன் ஒளி தரும். ஹலோஜன் குமிழ் 20 வரை தரும். தரமான எல்.ஈ.டி. விளக்கோ 100க்கும் மேல் தருகின்றது. இதற்கு வழிசெய்த நீல எல்.ஈ.டி.யை ஆக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் 2014இல் நோபல் பரிசு பெற்றனர்.

வெள்ளை எல்.ஈ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ற்று வேண்டும். சீராக்கிய விளக்கினுள் இருக்கும் சிறு மின்சுற்று, பற்றரியின் மின்னைச் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை விட்டும் தடுத்தும் அழுத்தத்தை உயர்த்தி, எல்.ஈ.டி.க்குச் செல்லும் மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்துகின்றது. பற்றரி தளரத் தளர, அதனிடமிருந்து கூடுதலான மின்னோட்டத்தை வாங்கி ஈடுசெய்கின்றது. ஆகவே ஒளி நெடுநேரம் மங்காதிருந்து, முடிவில் சடுதியாக வீழ்ந்துவிடும்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். பழைய விளக்கு மஞ்சளித்து, கரைக்குத் திரும்பும் வேளையை முன்னரே உணர்த்தியது. புதியவற்றுட் பல அவ்வாறு உணர்த்துவதில்லை. கடலுக்குச் செல்வோர் மாற்றுப் பற்றரிகளை நனையாமற் பொதிந்து மடியில் வைத்திருந்தால், நடுக்கடலில் இருளை அஞ்ச வேண்டியதில்லை.