சிரட்டைக் கரியும் ஆலைப் புகையும்

கரியமில வாயு நம் கிராம மக்களுக்குப் புதிய பொருளன்று. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் தூர் வார இறங்குமுன், பெரியவர்கள் கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பது வழக்கம். விளக்கு அணைந்தால் ஆள் இறங்குவதில்லை. காற்றைவிடக் கனமான இவ்வாயு பள்ளத்தில் தேங்கிப் பிராணவாயுவை விலக்கி விடுவதே அதற்குக் காரணம். (விளக்கு அணையவில்லை என்பதை மட்டும் நம்பி இறங்குவதும் தகாது, கிணற்றில் வேறு நச்சு வாயுக்களும் உண்டு.) இதே வாயுதான் அனல் மின் நிலையங்களிலிருந்தும் சிமெண்டு ஆலைகளிலிருந்தும் நாள்தோறும் டன் கணக்கில் வெளிப்பட்டு வானத்தில் கலக்கின்றது. பூமியின் உஷ்ணம் ஏறுவதற்கும், அதனால் மழையின் போக்கு மாறுவதற்கும் இது முக்கிய காரணமாகின்றது. 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று அணையின் தண்ணீரை நம்பிப் பயிர் செய்து வரும் கம்பம் பள்ளத்தாக்கில், மழை தவறுவதன் பொருளை விவசாயிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வாயுவை ஆலையின் புகைபோக்கியிலேயே தடுத்துப் பிடித்துவிடும் முறைகள் உலகெங்கும் ஆராயப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, நுண்ணிய துளைகள் நிறைந்த பொருள்களைக் கொண்டு பிடிப்பது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் அத்தகைய பொருள்தான் என்பதால், “எங்கள் ஊர்ச் சிரட்டைக்கு இனி நல்ல காலம் வருமா?” என்று ஊராட்சி உறுப்பினர்கள் வினவுகின்றனர். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை கூறுமுன், கரி வாயுவைப் பிடிக்கும் விதத்தை அறிந்து கொள்வது நலம்.

சிரட்டையைக் காற்றுப் புகாமல் கரியாக்கி, அக்கரியை 800 டிகிரி செண்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் நீராவி செலுத்திப் பக்குவப்படுத்தினால், அதனுள் எண்ணற்ற துளைகள் திறந்து கொள்கின்றன. வியாபாரிகள் இதனை ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்பர். இத்துளைகளிற் பெரும்பாலானவை தலைமயிரின் பருமனில் இருபதாயிரத்தில் ஒரு பங்கும் இராதவை. இவற்றின் உட்சுவர்களை யெல்லாம் பிரித்து விரிக்க முடியுமானால், ஒரு கிராம் கரியிலிருந்து கிடைக்கும் பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர் ஆகும். அதாவது விரல் நுனியில் ஏந்தும் கரித்தூளுக்குள் ஏறக்குறைய 25 சென்ட் நிலம் அடங்கியிருக்கின்றது!

புகை இத்துளைகளின் வழியே செல்லும்போது, கரியமில வாயுவின் அணுத்திரள்கள் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. இது பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போன்றதன்று. மேற்பரப்பில் படிந்து நிற்பதேயாகும். குளிர்ச்சியும் அழுத்தமும் மிகுந்தால் மிகுதியாக ஒட்டும். சூடேற்றினாலோ அழுத்தத்தைக் குறைத்தாலோ விட்டுவிடும். ஆகவே ஒரு கலத்தில் நிரப்பிய கரியில் வாயுவைப் பிடித்து, பின்னர் அதனை விடுவித்துத் தனியே சேர்த்துக்கொண்டு, அதே கரியை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். சாதாரண உஷ்ண நிலையில், தூய கரியமில வாயுவில் வைத்த நல்ல கரி கிலோ ஒன்றுக்கு 100 கிராமையொட்டி அவ்வாயுவைத் தாங்கும்.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. ஆலைப் புகை தூய கரியமில வாயு அன்று. நிலக்கரி எரியும் கொதிகலனின் புகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கே அவ்வாயு இருக்கும். எஞ்சியதிற் பெரும்பகுதி நைட்ரஜன். இவ்வளவு நீர்த்த புகையில் சிரட்டைக் கரி தன் திறனில் ஒரு சிறு பகுதியையே காட்டுகின்றது; நைட்ரஜனையும் ஓரளவு சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றது. ஜியோலைட் என்னும் துளையுள்ள கனிமம் இவ்வகையில் கரியினும் சிறந்தது. ஆயின் புகையிலுள்ள ஈரத்தைக் கண்டால், அது வாயுவை விட்டுத் தண்ணீரைப் பற்றிக்கொள்ளும்.

நம் மாநிலத்திலேயே இத்துறையில் ஒரு முயற்சி நடந்திருக்கின்றது. தூத்துக்குடியில் சோடா உப்புத் தயாரிக்கும் ஆலையொன்றில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கத்தக்க சாதனம் 2016-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பிடித்த வாயுவைக் கொண்டு சோடா உப்புச் செய்வதே திட்டம். அவ்வாயு அங்கே கழிவன்று, மூலப்பொருள். அதனாலேயே அரசு மானியம் இன்றி அம்முயற்சியைத் தொடங்க முடிந்தது. ஆனால் அங்கே வாயுவைப் பிடித்தது துளையுள்ள கரி அன்று. ஒரு இரசாயனத் திரவம். திரவத்தில் கரைந்த வாயுவை மீட்க, அத்திரவம் முழுவதையும் நீராவியால் காய்ச்ச வேண்டும். அதற்கும் எரிபொருள் செலவாகின்றது. இச்செலவைக் குறைக்கும் பொருட்டே விஞ்ஞானிகள் துளையுள்ள திடப்பொருள்களை நாடுகின்றனர்.

உலோக அணுக்களை மூலைக் கற்களாகவும், கரிமச் சேர்மங்களை உத்தரங்களாகவும் வைத்து, வேண்டிய அளவில் அறைகளைக் கட்டும் வித்தை இப்போது கைவந்துள்ளது. இதில் முன்னோடிகளான சுசுமு கிடகாவா, ரிச்சர்டு ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகைப் பொருள்களுள் ‘கால்ஃப்-20’ என்பது துத்தநாகத்தைக் கொண்டது. ஓரளவு ஈரமுள்ள புகையிலும் இது கரியமில வாயுவையே விரும்பிப் பிடிக்கும் என்று 2021-இல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டனர். புனேயிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ராமநாதன் வைத்தியநாதன் அவர்களும் அந்த ஆய்வில் பங்கு கொண்டவர். கனடாவில் ஒரு சிமெண்டு ஆலையின் புகையிலேயே அதனைச் சோதித்தும் பார்த்துள்ளனர்.

இனி உறுப்பினர்களின் கேள்விக்கு வருவோம். இன்றைய நிலையில் சிரட்டைக் கரியை மிகுதியாக வாங்குவோர் குடிநீரைச் சுத்திகரிப்போரும், காற்றைத் தூய்மை செய்யும் சாதனங்கள் செய்வோரும், தங்கத்தைப் பிரித்தெடுப்போருமே. ஆலைப் புகையைப் பிடிக்கக் கரி வாங்கும் சந்தை நம்மைத் தேடி வந்துவிடவில்லை. அதைக் காட்டி எவரேனும் முன்பணமோ நிலமோ கேட்பாராயின், யார் வாங்குவார், எவ்வளவு வாங்குவார், ஒப்பந்தம் எங்கே என்று கேட்டறிந்த பின்னரே மேலே பேச வேண்டும் என்பது நம் கருத்து.

சிரட்டைக் கரித் தொழில் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பகுதிகளில் தென்னந்தோப்புகள் உள்ளன. 100 கிலோ சிரட்டையிலிருந்து சுமார் 25 முதல் 30 கிலோ கரி கிடைக்கும். நீராவியால் பக்குவம் செய்யும் இரண்டாவது கட்டத்திற்குப் பெரிய உலைகள் தேவை. சுமார் மூன்று கிலோ கரி அங்கே ஒரு கிலோவாகச் சுருங்கும். ஆகவே கிராமத்திற்கு ஏற்றது முதற்கட்டமான கரி சுடுதலே. ஆனால் ஊருக்குக் கேடு விளையக்கூடியதும் அக்கட்டத்தில்தான்.

திறந்த குழியில் சிரட்டையைச் சுடும்போது எழும் அடர்ந்த புகையில் தாரும் அமிலங்களும் கலந்திருக்கின்றன. கரியை அவிக்க ஊற்றும் தண்ணீர் இவற்றைக் கரைத்துக்கொண்டு மண்ணில் இறங்கும். அருகிலுள்ள கிணறுகளின் நீர் நிறம் மாறிக் கசந்து போனால், அதனை மீட்பது எளிதன்று. மேலும், நாட்டின் புகையைப் போக்க உதவும் என்று எண்ணிச் செய்யும் கரிக்கு நம் ஊரே புகையில் மூழ்குவது என்ன நியாயம்? மூடிய உலையில், எழும் வாயுக்களை வெளியே விடாமல் மீண்டும் எரித்து, அச்சூட்டையே கரி சுடப் பயன்படுத்தும் முறைகள் உள்ளன. அவ்வுலைகளுக்கு முதலீடு கூடுதலாக வேண்டும். குழிக்காரர் விலையுடன் போட்டியிடுவதும் கடினம். இதனை மறைத்துப் பயனில்லை. ஆயினும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, மகளிர் குழுக்களோ கூடி ஒரே இடத்தில் ஓர் உலை வைத்தால் அச்சுமை பகிர்ந்து போகும்.

கரி சுடும் நிலையம் அமைக்க விண்ணப்பம் வரும்போது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறப்பட்டுள்ளதா என்பதை ஊராட்சி முதலில் பார்க்க வேண்டும். இடத்தை நேரிற் சென்று காண்பது அவசியம். குடிநீர்க் கிணறும் பள்ளிக்கூடமும் எவ்வளவு தொலைவில் உள்ளன, காற்று எப்பக்கம் வீசுகின்றது, கரி அவிக்கும் தண்ணீருக்குச் சிமெண்டுத் தளமும் தொட்டியும் உண்டா என்பவற்றைக் குறித்துக்கொண்டு கிராம சபையில் வைக்கலாம். தொழில் தொடங்குமுன்னரே சுற்றிலுமுள்ள கிணறுகளின் நீரைச் சோதித்து, முடிவைப் பதிவேட்டில் சேர்த்து வைப்பது மிகவும் உபயோகமானது. பின்னால் தகராறு எழுந்தால், முன்பு நீர் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

வியாபாரி கழித்துவிடும் கரித்தூளுக்கும் ஒரு வழியுண்டு. மட்கிய தொழு உரத்துடன் கலந்து சில வாரங்கள் ஊற வைத்து நிலத்தில் இட்டால், அதன் துளைகள் ஈரத்தையும் சத்தையும் ஓரளவு பிடித்து வைக்கும். காற்றிலிருந்து தென்னை எடுத்துக்கொண்ட கரியின் பெரும்பகுதியும் நீண்ட காலம் மண்ணிலேயே தங்கும். கலக்காமல் வெறுந்தூளாக இட்டால் தொடக்கத்தில் பயிருக்குரிய சத்தை அதுவே பிடித்துக்கொள்ளக் கூடுமாதலால், முதல் ஆண்டில் சில சென்ட் நிலத்தில் மட்டும் இட்டுப் பார்ப்பது போதும். திராட்சைக் கொடியில் கவாத்துச் செய்த கழிவையும் பலர் தோட்டத்து ஓரத்தில் கொளுத்திவிடுகின்றனர். அதனையும் மூடிய உலையிலிட்டு இவ்வாறே பயன்படுத்தலாம்.