ஐந்து ஆள் சுவர்!

அமெரிக்காவில் ‘புட்பால்’ என்றால் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. அதற்கு அங்கே ‘சாக்கர்’ என்று வேறு பெயர். அவர்கள் புட்பால் என்று சொல்வது, இரு முனையும் கூராக உள்ள பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைக்கும் தோளுக்கும் கவசம் மாட்டிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து விழுந்து ஆடும் ஆட்டம். நம் ஊர் சடுகுடுவையும் குஸ்தியையும் ஒன்றாய்க் கலக்கியது போல் இருக்கும்.

கல்லூரிகளிலும் இந்த ஆட்டத்துக்கு மவுசு அதிகம். மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஒரு நகரமே சனிக்கிழமை மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது.

இவ்வளவு ஜனங்களும் யாரைப் பார்க்கிறார்கள்? பந்தை வீசுகிறவரை. அவருக்குக் ‘குவார்ட்டர்பேக்’ என்று பெயர். பத்திரிகைகளில் படம் அவருக்குத்தான். பெண்கள் கையெழுத்துக் கேட்பதும் அவரிடம்தான். அவருக்கு முன்னால் குனிந்து நிற்கும் 5 பேரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த 5 பேர் சரியில்லை என்றால், அந்த அழகான வாலிபர் வருஷம் பூராவும் மல்லாந்து கிடந்து ஆகாயத்தைத்தான் பார்க்க வேண்டும்!

அந்த 5 பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு வருஷம் சரிந்து விழுந்த சுவரை அடுத்த வருஷத்துக்குள் எப்படி எழுப்புகிறார்கள் என்பது வேடிக்கையான கதை.

குனிந்து நிற்பவர்கள்

பந்து கையில் இருக்கும் கோஷ்டிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. இல்லையேல் பந்து எதிரிக்கு.

முன்வரிசையின் நடுவில் நிற்பவர் ‘சென்டர்’. பந்தைத் தன் இரு கால்களுக்கு நடுவே பின்னால் கொடுப்பவர் இவரே. இவருக்கு இரு பக்கமும் இரண்டு ‘கார்டு’கள். அவர்களுக்கு வெளியே இரண்டு ‘டாக்கிள்’கள். ஒவ்வொருவரும் சுமார் 300 ராத்தல், அதாவது 136 கிலோ எடை! எதிரிகளைத் தள்ளி ஓடுகிறவனுக்கு வழி திறப்பது ஒரு வேலை. பந்தை வீசுகிறவரை எதிரி நெருங்காமல் மூன்று விநாடி காப்பது இன்னொரு வேலை. மூன்று விநாடி என்ன பிரமாதம் என்று நினைக்காதீர்கள். இதே எடையுள்ள மனிதன், இதைவிட வேகமாக, உங்களை மோதித் தள்ளிவிட்டுப் போகத் துடிக்கும்போது மூன்று விநாடி என்பது ஒரு யுகம்.

இவர்கள் பந்து வீசப்பட்டால் பிடிக்கக்கூடாது. பந்து கிளம்புமுன் அசையக்கூடாது; அசைந்தால் 5 கெஜம் தண்டனை. எதிரியைப் பிடித்து இழுக்கக்கூடாது. இழுத்தால் 10 கெஜம். ஒலிபெருக்கியில் இவர்களைப் பற்றிச் சொல்வது அநேகமாக இந்தக் குற்றங்களைத்தான்!

நாலு தூண் ஒரே சமயத்தில் போயிற்று

மிச்சிகன் கோஷ்டிக்கு 2020-ஆம் வருஷம் பெரும் சோதனை. 6 பந்தயத்தில் 4 தோல்வி. சொந்த மைதானத்தில் ஆடிய மூன்றிலும் தோல்வி. விஸ்கான்சின் கோஷ்டி வீடு தேடி வந்து 49-11 என்று அடித்துவிட்டுப் போனது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவின் சம்பளத்தைச் சுமார் பாதியாகக் குறைத்துத்தான் சர்வகலாசாலை புது ஒப்பந்தம் போட்டது.

ஏன் இப்படி ஆயிற்று? காரணங்கள் பல. முன்வரிசையை மட்டும் பார்ப்போம். 2019-இல் ஆடிய ஐவரில் ருயிஸ், பிரெடசன், ஒன்வேனு, ரன்யன் ஆகிய நால்வரையும் 2020 ஏப்ரலில் தொழில்முறைக் கோஷ்டிகள் கொத்திக்கொண்டு போய்விட்டன. நாலு தூண் ஒரே சமயத்தில்! அதோடு போயிற்றா? அந்த வருஷம் கொரோனா வந்து வசந்தகாலப் பயிற்சியே ரத்தாகிவிட்டது. கல்லூரிக் கோஷ்டிகளுக்கு வசந்தத்தில் 15 நாள் பயிற்சிக்கு அனுமதி உண்டு. புதிய ஐவர் ஒருவர் தோளை ஒருவர் அறிந்துகொள்வது அந்த 15 நாளில்தான். அதுவும் இல்லை. சுவர் எழும்புமா?

இப்போது ரசிகர்களைப் பாருங்கள். தோற்ற கோஷ்டியின் ரசிகர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். “எல்லோரையும் விரட்டு, புது ஆள் கொண்டு வா” என்பார்கள். அதற்கு வசதியும் பிறந்தது. முன்பெல்லாம் ஒரு மாணவன் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். 2021 ஏப்ரலில் அந்த விதி தளர்ந்தது. அந்த ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது. கடையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் ஆள் பொறுக்கும் காலம் வந்துவிட்டது.

ஹார்பா என்ன செய்தார்? முன்வரிசைப் பயிற்சியை ஷெரோன் மூர் என்பவரிடம் ஒப்படைத்தார். மூர் ஒக்லஹோமா சர்வகலாசாலையில் கார்டாக ஆடியவர். மிச்சிகனில் அதுவரை வேறு ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தார். ஆட்களை மாற்றவில்லை. 2021-இல் நின்ற ஐவரும் - ஹேஸ், கீகன், வாஸ்டார்டிஸ், ஜின்டர், ஸ்டியூபர் - தோற்றுப்போன வருஷத்திலும் அதே ஊரில் அதே கோஷ்டியில் இருந்தவர்களே! ஒரு ஆள்கூட வெளியிலிருந்து வரவில்லை. அவர்களில் சென்டர் வாஸ்டார்டிஸ், உபகாரச் சம்பளம்கூட இல்லாமல் கோஷ்டியில் வந்து சேர்ந்தவர். ஆறாவது வருஷத்தில் கோஷ்டித் தலைவர்களில் ஒருவராக நின்றார்.

இரும்புக் கூரையின் கீழே

பிறகு என்னதான் மாறியது என்று கேட்பீர்கள். அதற்குப் பயிற்சி மைதானத்துக்குப் போக வேண்டும்.

அங்கே நாலைந்து அடி உயரத்தில் இரும்புக் குழாய்களால் ஒரு கூரை போட்டிருப்பார்கள். 136 கிலோ மனிதன் அதன் கீழே குனிந்து, தலை இடிக்காமல் பாய்ந்து வெளியே வர வேண்டும். ஏன்? மோதும்போது எவன் தாழ்ந்து இருக்கிறானோ அவன் ஜெயிப்பான். நிமிர்ந்தவன் மல்லாந்து விழுவான். எடை இருந்து பிரயோசனம் இல்லை. இடுப்பு தாழ வேண்டும்.

அடுத்தது பாதம். பந்து கிளம்பியதும் எடுத்து வைக்கும் முதல் அடி ஒரு சாண்கூட இருக்காது. அந்த அடி கோணலானால் பின்னால் வருவதெல்லாம் கோணல். இந்த ஒரு அடியை மாத்திரம் நாள் முழுவதும் வைத்துப் பழகுவார்கள். சங்கீதம் படிப்பவர்கள் சரளி வரிசை பாடுகிற மாதிரிதான். பார்க்கிறவர்களுக்கு அலுப்பாய் இருக்கும். ஆட்டக்காரர்களுக்கும் அலுப்பாய்த்தான் இருக்குமாம்!

இவை தனி ஆள் வித்தை. ஜோடி வித்தைதான் கஷ்டம். பக்கத்தில் நிற்கும் இருவர் சேர்ந்து ஒரு எதிரியை இடித்துத் தள்ளுகிறார்கள். அவனுக்குப் பின்னால் இன்னொரு எதிரி பதுங்கி நிற்கிறான். தள்ளிக்கொண்டே இருவரும் அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று கண்ணால் பார்க்க வேண்டும். இடது பக்கம் சாய்ந்தால் இடது ஆள் கழன்று அவன்மேல் பாய வேண்டும். வலது பக்கமானால் வலது ஆள். பேச நேரம் இல்லை. இவன் கழலுமுன் தன் தோளால் கடைசியாக ஒரு இடி கொடுத்து எதிரியை மற்றவனிடம் ஒப்படைக்கிறான். அரை விநாடி முந்தினால் முதல் எதிரி தப்புவான். அரை விநாடி பிந்தினால் இரண்டாமவன் ஓடுகிறவனைக் கவ்வுவான்.

இதை விலைக்கு வாங்க முடியுமா? இரண்டு பெரிய பலசாலிகளை இரண்டு ஊரிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாலும், இந்த அரை விநாடி வர மாதக்கணக்கு ஆகும். என் அபிப்பிராயத்தில் தோற்ற கோஷ்டிகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். எடையைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள். பக்கத்தில் நிற்கப்போகிறவன் யார் என்று பார்ப்பதில்லை.

எதிரி ஊர் மைதானத்தில் இன்னொரு தொல்லை. லட்சம் பேர் கத்தும்போது குரல் கேட்காது. அப்போது கார்டு திரும்பிக் குவார்ட்டர்பேக்கின் சைகையைப் பார்த்துச் சென்டரைத் தொடுவான். சென்டர் தலையை ஆட்டிவிட்டுப் பந்தைக் கொடுப்பான். ஐந்து பேரும் செவிடர்களைப்போல் சைகையிலேயே கிளம்ப வேண்டும்.

பலன் 2021 நவம்பர் 27-ந் தேதி தெரிந்தது. மிச்சிகனுக்கு ஜன்ம வைரி ஒகையோ ஸ்டேட். 2011-க்குப் பிறகு அவர்களை மிச்சிகன் ஜெயித்ததே இல்லை. அன்று 42-27 என்று வெற்றி! ஓடியே 297 கெஜம் எடுத்தார்கள். ஹாஸ்கின்ஸ் என்ற ஆட்டக்காரர் தனி ஆளாக 5 தடவை எல்லையைக் கடந்தார். நாட்டின் சிறந்த முன்வரிசைக்குத் தரும் ‘ஜோ மூர்’ பரிசும் அந்த ஐவருக்கே கிடைத்தது.

(அந்த ஜோ மூர் ஒரு சுவாரசியமான மனிதர். பிட்ஸ்பர்க், நோட்ரடாம் சர்வகலாசாலைகளில் முன்வரிசைப் பயிற்சியாளராக இருந்தவர். 1996-இல் நோட்ரடாம் அவரை நீக்கியது. வயதைக் காரணமாக வைத்து நீக்கினார்கள் என்று கோர்ட்டுக்குப் போய் 1998-இல் ஜெயித்தார்! 2003-இல் காலமானார். பரிசு 2015-இல்தான் ஏற்பட்டது. ஒரு ஆளுக்கு அல்ல, முழு வரிசைக்கும் சேர்த்துத் தருகிற பரிசு அது.)

ஒரே ஒரு ஆள்

2022-க்கு என்ன வழி? வாஸ்டார்டிஸும் ஸ்டியூபரும் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். இப்போதுதான் மிச்சிகன் சந்தைக்குப் போனது. வர்ஜீனியா சர்வகலாசாலையிலிருந்து ஒலுசெகுன் ஒலுவாட்டிமி என்ற சென்டர் வந்தார். மற்ற இடங்களுக்கு வீட்டுப் பிள்ளைகளே.

சென்டரை வாங்கியதுதான் சாமர்த்தியம். எதிரிகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து யார் யாரைத் தடுப்பது என்று உரக்கச் சொல்பவன் சென்டர். அந்த இடத்தில் விவரம் தெரிந்த ஆள் நின்றால் மற்ற நால்வருக்கும் கண் தெளியும். ஒலுவாட்டிமி அந்த வருஷம் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் பரிசு, சிறந்த முன்வரிசை ஆட்டக்காரருக்கான அவுட்லண்ட் பரிசு இரண்டையும் தட்டிக்கொண்டார். ஜோ மூர் பரிசு மறுபடியும் மிச்சிகனுக்கே. அடுத்தடுத்து இரண்டு வருஷம் அதை வாங்கியது அதுவே முதல் தடவை.

2023-இல் வெளி ஆட்கள் கூடினார்கள். ஸ்டான்போர்டிலிருந்து இருவர், அரிசோனா ஸ்டேட்டிலிருந்து ஒருவர். ஆனால் கவனியுங்கள். கார்டுகளான கீகனும் ஜின்டரும் மூன்றாவது வருஷமாக அதே இடத்தில் நின்றார்கள். வந்தவர்களை அந்தத் தூண்களின் பக்கத்தில்தான் சேர்த்தார்கள்.

நவம்பர் 11-ந் தேதி பென் ஸ்டேட்டுடன் பந்தயம். எதிரிகளின் சைகைகளைக் களவாடிய விவகாரத்தில் ஹார்பா 3 பந்தயங்களுக்கு விலக்கப்பட்டிருந்தார். அது மிச்சிகனுக்குக் கௌரவமான விஷயம் அல்ல. ஷெரோன் மூர்தான் அன்று பொறுப்பு. இரண்டாம் பாதியில் கணக்கில் ஏறும்படி ஒரு தடவைகூடப் பந்தை வீசவில்லை! ஓட்டம், ஓட்டம், மறுபடி ஓட்டம். எதிரிக்குத் தெரியும், ஜனங்களுக்குத் தெரியும், இருந்தும் தடுக்க முடியவில்லை. 24-15 என்று ஜெயித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒகையோ ஸ்டேட் பந்தயத்தில் விபரீதம் நேர்ந்தது. ஜின்டரின் கால் எலும்பு முறிந்தது. மைதானமே வாயடைத்துப் போயிற்று. வண்டியில் வைத்து அவரை எடுத்துச் சென்றார்கள். அடுத்த ஆட்டத்திலேயே பிளேக் கோரம் 22 கெஜம் ஓடி எல்லையைக் கடந்தார்! டாக்கிளாக ஆடிய பார்ன்ஹார்ட் கார்டு இடத்துக்கு நகர்ந்தார். டிரென்டே ஜோன்ஸ் டாக்கிள் இடத்தில் புகுந்தார். இருவரும் பல வருஷம் அங்கேயே பழகியவர்கள். 30-24 என்று வெற்றி. 2024 ஜனவரி 8-ந் தேதி வாஷிங்டனை 34-13 என்று வீழ்த்திச் சாம்பியன் பட்டமும் பெற்றார்கள். அன்று ஓடி எடுத்தது 303 கெஜம். வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷத்து ஜோ மூர் பரிசு தோற்றுப்போன வாஷிங்டனுக்குத்தான்!

அதற்கப்புறம்? ஹார்பா தொழில்முறைக் கோஷ்டிக்குப் போனார். முன்வரிசையில் ஆடிய முக்கியஸ்தர்கள் அநேகமாக எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். 2020-இன் கதைதான் மறுபடி. 2024-இல் மிச்சிகன் 8 வெற்றி, 5 தோல்வி.

பட்டாளத்துப் பிள்ளைகள்

2024-இன் ஜோ மூர் பரிசு யாருக்குப் போயிற்று தெரியுமா? வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு! அங்கே சந்தை வேலையே நடக்காது. வேறு கல்லூரியிலிருந்து வந்தாலும் முதல் வருஷத்திலிருந்து படிக்க வேண்டும். தன் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கவும் மாணவனுக்கு அனுமதி இல்லை. படிப்பு முடிந்தால் பட்டாளத்தில் சேவை. ஆகவே பெரிய கல்லூரிகள் தேடும் ராட்சதப் பையன்கள் அங்கே அதிகம் போவதில்லை.

இருக்கிற பையன்களை வைத்துக்கொண்டு அவர்கள் எதிரியைத் தாழ்ந்து இடிக்கிறார்கள். அந்த வருஷம் நாட்டிலேயே அதிகம் ஓடிய கோஷ்டி அவர்களுடையதுதான். பந்தயத்துக்குச் சராசரி 300 கெஜம். 12 வெற்றி, 2 தோல்வி. தங்கள் கூட்டத்தின் சாம்பியன் பட்டத்தையும் முதல் தடவையாகப் பெற்றார்கள்.

கடைசிப் பந்தயம் முடிந்ததும் அந்த முன்வரிசைப் பையன்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. நாலு வருஷம் முட்டையும் இறைச்சியும் தின்று ஏற்றிய எடையைக் கோடைக்குள் இறக்க வேண்டும். ராணுவ அதிகாரிக்கு என்று ஒரு தேக அளவு உண்டு. அதற்குள் வந்தால்தான் உத்தியோகம். மே மாதம் பட்டமளிப்பு விழாவில் அவர்கள் நடந்து வருவதைப் பார்த்தால், அந்த வரிசையில் நின்றவர்கள் இவர்கள்தானா என்று சந்தேகமாக இருக்கும். அப்போது மைதானத்தில் அவர்கள் இடத்துக்கு வந்த பையன்கள் இரும்புக் கூரைக்கு அடியில் குனிந்துகொண்டிருப்பார்கள்.