இளையோரின் உயிர்மாய்ப்பும் திருச்சபையின் பொறுப்பும்

வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையினர் பல்லாண்டுகளாகப் பிறப்பையும் இறப்பையும் குறித்து வந்துள்ளனர். அங்கே 1992 முதல் 2001 வரையுள்ள பத்தாண்டுகளில், 10 முதல் 19 வயது வரையுள்ளோரிடையே நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து, 2004 ஆம் ஆண்டில் அவர்கள் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வயதுப் பெண்களில் ஆண்டொன்றுக்கு இலட்சத்துக்கு 148 பேரும், ஆண்களில் 58 பேரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருந்தனர். அவ்வயதில் இறந்த பெண்களுள் பாதிக்குக் குறையாதோரின் மரணம் இவ்வகையைச் சார்ந்தது. 2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் இவ்வாறு இறந்தோர் 1,70,924 பேர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தெரிவிக்கிறது. அவர்களுள் 13,044 பேர் மாணவர்கள். மாநிலங்களின் வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நின்றது தமிழ்நாடு.

நம் ஞாயிறு பள்ளியின் உயர்வகுப்பிலும் வாலிபர் ஐக்கியத்திலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் வயதே இது. இத்துயரைத் தடுப்பதில் மருத்துவருக்கும் அரசுக்கும் உரிய பணி பெரிது. ஆயினும், வேறெவரும் செய்ய இயலாத பணி ஒன்று சபைக்கு உண்டு. அப்பணி நம் கைக்கு வருமா என்பது, இறந்துபோன ஒருவரைக் குறித்து நாம் எவ்வாறு பேசுகிறோம் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மரபு விட்டுச்சென்ற நிழல்

திருமறையில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டோர் சிலரின் வரலாறு உண்டு. சவுல், அவனுடைய ஆயுததாரி, அகித்தோப்பேல், சிம்ரி, யூதாஸ் ஆகியோரை நாம் அறிவோம். இவர்களுடைய வாழ்வைத் திருமறை கடுமையாகத் தீர்ப்பிடும் இடங்கள் உண்டு. ஆனால் அவர்கள் இறந்த முறையை வைத்து அடக்கத்தை மறுக்கும் கட்டளை எதுவும் அங்கே இல்லை. சவுலின் உடலை யாபேஸ் ஊரார் இரவெல்லாம் நடந்து மீட்டுவந்து, எலும்புகளை மரத்தடியில் அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசித்தனர். தாவீது அவனுக்காகப் புலம்பினான். அகித்தோப்பேல் தன் தகப்பனுடைய கல்லறையிலேயே அடக்கம்பண்ணப்பட்டான்.

பிற்காலத் திருச்சபை வேறு வழியில் சென்றது. கி.பி. 561 இல் கூடிய பிராகா சங்கம் இவ்வாறு இறந்தோருக்கு அடக்கச் சடங்குகளை மறுத்தது. ஆங்கிலத் திருச்சபையின் 1662 ஆம் ஆண்டுப் பொது ஜெபநூலும், தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோருக்கு அடக்க ஆராதனையைப் பயன்படுத்தலாகாது என்றது. இவற்றுக்கெல்லாம் அகஸ்தீனையே ஆதாரம் காட்டுவது வழக்கம். ஆனால் அகஸ்தீன் யாருக்காக வாதாடினார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 410 ஆம் ஆண்டில் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது மானபங்கத்துக்கு உள்ளான பெண்களை நோக்கி, 'இவர்கள் ஏன் இன்னும் உயிரோடிருக்கிறார்கள்?' என்று சிலர் பழித்தனர். அப்பெண்கள் வாழலாம், வாழவேண்டும், அவர்கள்மேல் குற்றமில்லை என்று நிலைநாட்டவே 'கடவுளின் நகரம்' நூலின் முதற்புத்தகத்தில் அவர் இப்பொருளை எடுத்தாண்டார். வெட்கத்தில் தவித்த உயிருள்ளோரைக் காக்க எழுந்த வாதம், பின்னர் இறந்தோரைத் தண்டிக்கும் கருவியாயிற்று.

அதன் நிழல் இன்னும் நீங்கவில்லை. ஆலயமணி ஒலியாமல், உடலை ஆலயத்துக்குள் கொண்டுவராமல், விரைந்து முடிக்கப்படும் அடக்கங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. நாம் வழங்கும் 'தற்கொலை' என்னும் சொல்லிலேயே கொலை என்னும் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. நாட்டின் சட்டமோ தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்றும் கூறிற்று. அம்முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309 ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பில் இடம்பெறவில்லை. நீதிமன்றம் கைவிட்ட தீர்ப்பை நம் கல்லறைத்தோட்டம் பற்றிக்கொண்டிருக்கலாமா?

இது இறந்தவரைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. அத்தகைய அடக்கத்தில் பின்வரிசையில் நிற்கும் ஓர் இளைஞன், தன்னுள்ளும் அதே எண்ணம் எழுவதை அறிந்தவனாயிருக்கலாம். ஆயர் கூறும் ஒவ்வொரு சொல்லையும் அவன் எடைபோடுகிறான். இறந்தவனுக்கு இரக்கமில்லாத இடத்தில், தன் மனத்தைத் திறக்க அவன் துணிவானோ?

2. பிலிப்பியின் நள்ளிரவு

அப்போஸ்தலர் நடபடிகள் 16 ஆம் அதிகாரத்தில், பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் விழித்தெழுந்து, கதவுகள் திறந்திருப்பதைக் கண்டு, கைதிகள் தப்பிவிட்டனர் என்று எண்ணிப் பட்டயத்தை உருவுகிறான். அவன் எண்ணியது உண்மையன்று. ஆயினும் அந்த இருளில் அவனுக்கு அதுவே முழு உண்மை. தன் கடமையில் தோற்றுப்போனதாகவும், இனி அவமானமும் மரணமுமே எஞ்சியதாகவும் அவன் முடிவு கட்டிவிட்டான். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரு மாணவியின் நிலையும் இத்தகையதே. எல்லாம் போயிற்று என்று அவள் காண்பது, இருளில் காணும் காட்சி.

பவுல் செய்தவை நான்கு. அவன் நிலையை உணர்ந்தார். உரத்த சத்தமிட்டார். உனக்குத் தீங்கு செய்துகொள்ளாதே என்றார். தாங்கள் யாவரும் அங்கேயே இருப்பதை அறிவித்தார். அவர் அவனைக் கண்டிக்கவில்லை. கோழை என்று இகழவுமில்லை. இரட்சிப்பைப் பற்றிய கேள்வி பின்னரே, அதுவும் காவலன் வாயிலிருந்தே வருகிறது. முதலில் உயிர், பின்னர் உபதேசம் என்னும் இவ்வொழுங்கை நாம் மாற்றலாகாது. பவுல் 'நான்' என்று சொல்லாமல் 'நாங்கள்' என்று சொன்னதும் கருதத்தக்கது. ஒருவர் அல்ல, ஒரு கூட்டமே அங்கே நின்றது.

3. ஓர் அடக்கத்திலிருந்து எழுந்த பணி

இங்கிலாந்தில் 1935 ஆம் ஆண்டில் சாட் வாரா என்னும் இளம் உதவிக்குரு, ஒரு பதின்வயதுப் பெண்ணை அடக்கம்பண்ண நேர்ந்தது. பூப்பெய்தியதன் இயல்பான அடையாளத்தைக் கொடிய நோய் என்று தவறாக எண்ணி, கேட்பதற்கு எவருமின்றி, அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த அடக்கத்தை அவர் மறக்கவில்லை. 1953 இல் இலண்டன் மாநகரில் தம் ஆலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து, துயருற்றோரை அழைக்கச் சொன்னார். அவரைக் காண வந்து காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்துப் பேசியிருந்த சாதாரணத் தொண்டர்களிடமே பலர் மனத்தைக் கொட்டி ஆறுதல் அடைந்ததைக் கண்டு, அடுத்த ஆண்டே அப்பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். 'சமாரியர்' என்னும் அவ்வியக்கம் பல நாடுகளுக்கு வழிகாட்டிற்று. நண்பராயிருந்து கேட்கும் அதே முறையில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986 இல் சென்னையில் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கினார். செவிகொடுக்கும் பணிக்குப் பட்டம் வேண்டுவதில்லை. பயிற்சியும் பொறுமையும் வேண்டும்.

4. சபை செய்யத்தக்கவை

முதலாவதாக, அடக்க ஆராதனையில் கண்டனமும் வேண்டா, புகழ்ச்சியும் வேண்டா. 'எல்லாத் துன்பத்திலிருந்தும் விடுதலை பெற்றான்' என்பது இரக்கத்தோடு சொல்லப்பட்டாலும், கேட்கும் இளையோருக்கு அது ஒரு வழியாகத் தோன்றிவிடும். இறந்த முறையை விவரிப்பதும் ஒற்றைக் காரணம் கற்பிப்பதும் தகாதவை. இழப்பைத் துக்கித்து, இறந்தவரைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்புவித்து, தவிப்போர் எவராயினும் தயங்காமல் வரலாம் என்று வெளிப்படையாய் அழைப்போமாக.

இரண்டாவதாக, ஐயமெழும்போது நேராகக் கேட்கவேண்டும். 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை என்பது ஆய்வுகளால் தெளிந்த செய்தி. 'ஆம்' என்று பதில் வந்தால் பதறாமல் கேட்போம். அவரைத் தனியே விடாதிருப்போம். யாரிடமும் சொல்லமாட்டோம் என்று வாக்களிக்கலாகாது. உயிரைக் காக்கத் தேவையானவரிடம் சொல்லவேண்டிவரும். அதே வேளையில், நம்பிச் சொன்னதை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் சபைக்கு அறிவிப்பதும் பெருந்தீங்கு.

மூன்றாவதாக, மனச்சோர்வு நோயாகும்போது மருத்துவம் தேவை. அதனை விசுவாசக்குறைவு என்றும் பிசாசின் கட்டு என்றும் முடிவுகட்டி, மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த ஆயருக்கும் இல்லை. சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிய எலியாவுக்குக் கடவுள் முதலில் அருளியவை உறக்கமும் உணவும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்வதும் ஆயர்பணியே. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் 14416 என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். இவ்வெண் ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

நான்காவதாக, ஆபத்தான வேளைகளைச் சபை முன்னறிந்து நடக்கவேண்டும். பொதுத்தேர்வு முடிவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே, அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுத வழியுண்டு என்பதைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டும். முடிவு வரும் நாளில் மூப்பர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் வீடுகளுக்குச் செல்லலாம். உழவர் வீடுகளில் பூச்சிமருந்து பூட்டிவைக்கப்பட வேண்டும். கடும் நச்சுடைய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த இலங்கையில், 1990-களின் நடுவில் உச்சத்திலிருந்த உயிர்மாய்ப்பு விகிதம் பின்னர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. பல இளையோருக்கு அந்த வேகம் சிறிது நேரமே நிற்கிறது. அந்நேரம் கடந்தால் உயிர் பிழைக்கிறது.

ஐந்தாவதாக, இழந்த குடும்பத்தைத் தொடர்ந்து சந்திக்கவேண்டும். மூன்றாம் நாளோடு வருகை நின்றுவிட்டால், பழி மட்டுமே அவ்வீட்டில் தங்கும்.

பிலிப்பியின் காவலன் அவ்விரவிலேயே பவுலின் காயங்களைக் கழுவி, தன் வீட்டில் பந்தி வைத்தான். சாவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்டவன் பிறர் காயத்தைக் கழுவுகிறவனானான். நம் இளையோருள் எத்தனை பேர் அவ்வாறு ஆகக் காத்திருக்கின்றனரோ, நாம் அறியோம். இருளில் நிற்கும் அவர்களுக்குக் கேட்கும்படி சத்தமிட வேண்டியது நம் கடன்.