சுவரோவியத்தைப் படமெடுக்கலாம்; வெளியிடலாமா?

ஹைதராபாத்: தெலங்கானா ஆளுநர் மாளிகைக்கு அருகேயுள்ள எம்.எஸ். மக்தா குடியிருப்பின் சுவர்களில், 2016-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை நடத்திய தெருக்கலை விழாவின்போது பிரம்மாண்ட ஓவியங்கள் தீட்டப்பட்டன. அன்று முதல் கேமராவுடன் அங்கு வருவோர் பலர்.

சுவர் வீட்டுக்காரருடையது, ஓவியத்தின் உரிமை ஓவியருடையது. அதைப் பதிவு செய்த புகைப்படம்?

சொந்த உபயோகத்துக்குப் படமெடுக்க, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் தடையில்லை. வெளியிடுவதில்தான் சிக்கல். பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட அனுமதிக்கும் 52-ஆவது பிரிவு, அந்த இடத்தில் ஓவியத்தைக் குறிப்பிடவில்லை. விந்தை என்னவெனில், அதே ஓவியத்தைத் திரைப்படத்தில் காட்டுவதற்கு விலக்கு உண்டு.

மும்பை சுவரோவியம் ஒன்றை விளம்பரப் பலகையில் இடம்பெறச் செய்த காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், அதுகுறித்த இணையப் பதிவுகளை நீக்குமாறு 2023 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஓவியரின் உழைப்பை வணிகம் விழுங்கக் கூடாது என்பது நியாயமே. ஆனால், தெருவைப் பதிவு செய்யும் புகைப்படக்காரரையும் விளம்பரதாரரையும் சட்டம் ஒரே தட்டில் நிறுத்தலாமா?

2012-இல் இச்சட்டத்தை விரிவாகத் திருத்திய நாடாளுமன்றம், இந்த இடைவெளியை நிரப்பவில்லை. ஒரு வரித் திருத்தம் போதும். அதை அவையில் எழுப்ப ஓர் உறுப்பினர் வேண்டும்.