கேட்கும் கருவி – 9: 300 ஓம் பூச்சாண்டி

போன வாரம் ஹெட்ஃபோனோடு நிறுத்தினோம். நல்ல விலை கொடுத்து ஒன்றை வாங்கியவர்களுக்கு அடுத்த கவலை, மேசையில் அதற்குத் துணையாக எந்த ஆம்ப்ளிஃபயரை, எந்த டாக்கை (டிஜிட்டல் இசையை மின் அலையாக மாற்றும் கருவி) வைப்பது என்பதுதான். கடைக்காரர் பெட்டியைத் திருப்பி ‘300 ஓம்’ என்ற இடத்தில் விரலை வைப்பார். “சாதாரண ஆம்ப் இதை டிரைவ் பண்ணாது சார்!” மின்மறுப்பைச் சொல்லும் இந்த எண்ணை மட்டும் நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள்.

சென்ஹைசர் எச்டி 650-ஐ எடுத்துக்கொள்வோம். 2003-இல் வந்தது, 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் தரும். இசையின் உச்சத்துக்கு 110 டெசிபல் என்று வைப்போம் (காதுக்கு அதுவே அதிகம்). அதற்குத் தேவை இரண்டேகால் வோல்ட், 17 மில்லிவாட். அவ்வளவுதான். இப்போது ஹைஃபைமேன் சுஸ்வாரா. வெறும் 60 ஓம், பார்த்தால் சாது. ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான் தருகிறது. அதே 110-ஐத் தொட அரை வாட் வேண்டும்: ஐந்தரை வோல்ட், 90 மில்லிஆம்பியர். ஓம் ஐந்தில் ஒரு பங்கு. கேட்கிற சக்தியோ 30 மடங்கு!

காரணம் அமைப்பில் இருக்கிறது. எச்டி 650-இல் சிறு கம்பிச்சுருள் ஒன்று காந்தத்தின் குறுகிய இடுக்கில் அசைகிறது. புலம் முழுவதும் அங்கேயே குவிந்திருக்கும். சுஸ்வாரா பிளேனர் வகை. அகலமான சவ்வின் மேல் கடத்தி பரவி ஓடுகிறது. காந்தப்புலமும் அதற்கேற்ப விரிந்து நீர்த்துப்போகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உணர்திறன், அதாவது கொடுத்ததற்கு எத்தனை டெசிபல் தருகிறது என்பது. அதற்குப் பிறகுதான் ஓம்.

ஓமுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஆம்ப்புக்கும் வெளியீட்டு மின்தடை உண்டு. 1996-இல் வந்த ஐஇசி தரவிதி ஒன்று அதை 120 ஓம் என்று வைத்தது. எச்டி 650-இன் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் 300 அல்ல. பாஸ் பகுதியில் 500 ஓம் வரை ஏறும். அப்படிப்பட்ட ஆம்ப்பில் செருகினால் பாஸ் ஏறத்தாழ ஒரு டெசிபல் தூக்கலாக வரும். வெளியீட்டு மின்தடை கூடிய வால்வு ஆம்ப்பில் இதைக் கேட்டு ‘கதகதப்பு’ என்று மயங்குபவர்கள் பலர். எனக்கும் பிடிக்கும், ஆனால் அது ஆம்ப்பின் ஆன்மா அல்ல, ஓம் விதி. பிளேனரின் மின்மறுப்பு ஏறக்குறைய நேர்கோடு என்பதால் அதில் இந்த மாயம் நடக்காது, சத்தம்தான் குறையும்.

டாக்கைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சிடியின் 16 பிட்டுக்கு, உச்ச ஒலிக்கும் இரைச்சலுக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி. இன்றைய நடுத்தர டாக்குகளே அதைத் தாண்டிவிட்டன. ஆம்ப்பிலும் தூய்மை மலிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. என்டபிள்யூஅவ்கை என்ற புனைபெயரில் ஒரு பொறியாளர், ஓ2 என்ற ஆம்ப்பின் சுற்றுப்படத்தை 2011-இல் அளவீடுகளோடு எல்லோருக்கும் திறந்துவைத்தார். மறு ஆண்டே எழுதுவதை நிறுத்திவிட்டார். யாரென்று இன்றுவரை வெளிவரவில்லை.

இரண்டு ஆம்ப்களை ஒப்பிடப் போகிறீர்களா? ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனைச் செருகி, ஒரே தொனியை ஓடவிட்டு, இரண்டின் வெளியீட்டு வோல்டேஜையும் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். அரை டெசிபல் கூடினாலே காது அதைச் ‘சத்தம்’ என்று சொல்லாது, ‘தெளிவு’ என்று சொல்லும். கடையில் விலை உயர்ந்த பெட்டி எப்போதும் சற்றே உரக்கப் பாடுவதைக் கவனித்திருப்பீர்கள்.

(தொடரும்)