30 நாளில் மூடும் கதவு: படம் ஏன் ஏற மறுக்கிறது?

இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கிவிட்டது என்பதை இந்தப் பகுதிக்கு வரும் அஞ்சல்களை வைத்தே சொல்லிவிடலாம். "போன மாதம் வரை படம் ஏறியது சார். கோடில் ஒரு வரிகூடத் தொடவில்லை. இப்போது பர்மிஷன் இல்லை என்கிறது." ஊர் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. நடுவே சில கடைக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள்: ஆப் செய்து கொடுத்தவர் போனை எடுப்பதில்லை, புதுச் சரக்கின் படங்கள் ஏறவில்லை. பெரும்பாலான அஞ்சல்கள் கூகுளின் ஃபயர்பேஸ் ஸ்டோரேஜ் பற்றியவை என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். பக்கெட் என்றால் என்ன, அப்லோட் என்றால் என்ன என்றெல்லாம் தொடங்கப் போவதில்லை.

கோடில் தவறு இல்லை. கெடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஸ்டோரேஜை முதன்முதலில் திறக்கும்போது ப்ரொடக்‌ஷன் மோடா, டெஸ்ட் மோடா என்று ஃபயர்பேஸ் கேட்கும். அவசரத்தில் இருப்பவர்கள் இரண்டாவதைத் தட்டுவார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ சோதனைக்கூடம் போலிருக்கும். உண்மையில் அது, உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஏற்றலாம், அழிக்கலாம் என்ற அனுமதி. கூடவே 'இன்ன தேதி வரை' என்று ஒரு வால். அந்தத் தேதி, தொடங்கிய நாளிலிருந்து 30 நாள். கன்சோலில் ஸ்டோரேஜுக்குள் போய் ரூல்ஸ் பக்கத்தைத் திறந்தால், 'ரிக்வெஸ்ட் டாட் டைம்' என்று வரும் வரியில் வருடம், மாதம், நாள் மூன்றும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அந்த நாள் தாண்டியதும் உங்கள் ஆப்புக்கும் சேர்த்தே கதவு மூடும். இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்கிறார்கள். ஒரு மாதம் ஊருக்கே திறந்து வைத்துவிட்டுப் பிறகு உரிமையாளரையும் வெளியே நிறுத்துவதற்கு அந்தப் பெயர் கொஞ்சம் தாராளம்தான்.

யூடியூப் வைத்தியம் இரண்டு. ஒன்று, தேதியைச் சில வருடம் தள்ளிப் போடுவது. மற்றது, நிபந்தனை இருந்த இடத்தில் 'ட்ரூ' என்று எழுதிவிடுவது. இரண்டிலும் எரர் போய்விடும், காவலும் போய்விடும். 2025 ஜூலையில் அமெரிக்காவில் பெண்களுக்கான 'டீ' என்ற ஆப்பிலிருந்து சுமார் 72,000 படங்கள் வெளியே போயின. அவற்றில் 13,000 அளவுக்கு, தாங்கள் யார் என்று நிரூபிக்கப் பயனர்கள் கொடுத்த செல்ஃபிகளும் அடையாள அட்டைப் படங்களும். ஃபயர்பேஸில் பழைய பக்கெட் ஒன்று காவலில்லாமல் திறந்து கிடந்திருக்கிறது.

இங்கே காவல் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். வழக்கமான இணையதளத்தில் படம் முதலில் உங்கள் சர்வருக்கு வரும். அங்கே உங்கள் நிரல் பார்த்து, சரி என்றால்தான் உள்ளே போகும். ஃபயர்பேஸில் போன் நேரே பக்கெட்டிடம் பேசுகிறது. ஆப்புக்குள் இருக்கும் ஏபிஐ கீ ரகசியம் அல்ல, தெரிந்தவர்கள் பிரித்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது அந்த ரூல்ஸ் கோப்பு ஒன்றுதான்.

அந்தக் கோப்பு படிக்கப்படும் விதம் சாமர்த்தியமானது, சிக்கலானதும்கூட. ரூல்கள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. பத்து ரூல் இருந்து, ஒன்பது மறுத்து, ஒன்று சம்மதித்தாலும் அனுமதிதான். அம்மா மறுத்ததைத் தாத்தாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு இது எளிதில் புரியும். மேலே எல்லாக் கோப்புகளுக்குமான பழைய திறந்த ரூலை விட்டுவைத்துக் கீழே கண்டிப்பான ரூல் எழுதினால், கீழே எழுதியது வெறும் அலங்காரம். பழையதை அழித்தால்தான் புதியதற்கு வேலை.

சரியான வழி, ஆளுக்கொரு ஃபோல்டர். ஃபோல்டரின் பெயர் பயனரின் யூஐடி. லாகின் செய்தவரின் யூஐடியும் ஃபோல்டர் பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்ற விடு என்று எழுதுங்கள். 'லாகின் ஆனவர்' என்று மட்டும் எழுதி அனானிமஸ் லாகினையும் இயக்கி வைத்தால், அது 'யாரும்' என்பதற்கு இன்னொரு பெயர். 5 எம்பிக்குள், இமேஜ் வகை என்ற நிபந்தனைகளையும் சேர்க்கலாம். ஆனால் வகை என்பது அனுப்புகிறவர் சொல்லும் சொல்தான். ஃபயர்பேஸ் கோப்பைத் திறந்து படம்தானா என்று பார்ப்பதில்லை.

இந்த நிபந்தனைகளை 'ரைட்' என்ற ஒரே சொல்லின் கீழ் வைத்தால் இன்னொரு வம்பு வரும். ரைட் என்பதில் அழிப்பதும் அடக்கம். அழிக்கும்போது உள்ளே வரும் கோப்பே கிடையாது. இல்லாத கோப்பின் அளவைக் கேட்கும் ரூல் தோற்றுப்போய், சொந்தப் படத்தை அழிக்கப் போனவருக்கும் பர்மிஷன் எரர் காட்டும். கிரியேட், அப்டேட், டெலீட் என்று பிரித்து எழுதினால் தீர்ந்தது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ரூலை மாற்றியும் அதே எரர் வருகிறதே? பப்ளிஷ் பொத்தானை அழுத்தினீர்களா என்று பாருங்கள். அழுத்தியிருந்தால் சில நிமிடம் பொறுங்கள்.

ஒரு ஃபோல்டரில் ஏறுகிறது, அதற்குள் இருக்கும் ஃபோல்டரில் ஏறவில்லை? ரூலில் எழுதிய பாதை ஒரு படியோடு நிற்கிறது.

ரூல் சரி, லாகினும் சரி, ஆனாலும் மறுக்கிறது? கோரிக்கை உங்கள் ஆப்பிலிருந்துதான் வருகிறதா என்று சோதிக்கும் ஆப் செக்கைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

டவுன்லோட் லிங்க் கிடைத்தவர்கள் எல்லாரும் படத்தைப் பார்க்கிறார்களே? லிங்கின் வாலில் இருக்கும் டோக்கன் ரூல்ஸைத் தாண்டிப் போகும். கன்சோலில் அதை ரத்து செய்யலாம்.

அமேசான் எஸ்3-இல் இதே தொல்லை? 2023 ஏப்ரலிலிருந்து புதிய பக்கெட்டுகளில் ஏசிஎல் (கோப்புவாரியான அனுமதிப் பட்டியல்) இயல்பாகவே முடக்கம். கோடில் 'பப்ளிக்-ரீட்' என்ற ஏசிஎல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இலவசம்தானே? 2024 அக்டோபர் 30 முதல் ஃபயர்பேஸில் டீஃபால்ட் பக்கெட்டைப் புதிதாகத் தொடங்கவே பிளேஸ் திட்டம் வேண்டும், அதாவது பணம் கட்டும் கணக்கை இணைக்க வேண்டும். சில பகுதிகளில் உள்ள பக்கெட்டுகளுக்கு மட்டும் குறிப்பிட்ட அளவுவரை கட்டணம் இல்லை, தாண்டினால் பில். திறந்து கிடக்கும் பக்கெட்டில் யாரோ ஒருவர் படங்களைத் திரும்பத் திரும்ப இறக்கினாலும் பில் உங்களுக்குத்தான். பட்ஜெட் அலர்ட் வைத்திருக்கிறேனே என்பவர்களுக்கு: அது மின்னஞ்சல் அனுப்பும், செலவை நிறுத்தாது.